காயாத பொட்டு

சோதனை அடுப்பில் வைத்த நாற்பது டிரான்சிஸ்டர்களுக்கும் அன்று பிற்பகல் ஒரு மணியோடு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் முடிந்திருந்தது. தேவமலர் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான்கு தாண்டிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை. யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பைத் திறந்து, எண்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

வானம் இறங்கி வந்து எண்ணெய்ப்பனை மரங்களின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காவல் கொட்டகையில் ஜாகா வேலை பார்க்கும் காவலாளி அங்கமுத்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"வாங்க எஞ்சினியரம்மா. சனிக்கெழமகூட விடமாட்டேங்கிறானுங்களா?"

"ஒரு வேலை பாக்கி இருக்கு அண்ணே."

"அந்தப் பெட்டிய கரண்டுலேருந்து புடுங்கியாச்சுன்னுதான சொன்னாங்க?"

"ஆமா. டேப்பு போட்டு ஒட்டியிருக்கு. ஏன்?"

"ராத்திரி ரவுண்டு போறேன், உள்ள டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எலியான்னு பார்த்தா எலி மாதிரி இல்ல. எலி நிறுத்தி நிறுத்தி அடிக்காதுல்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மோவாயால் கொட்டகைக்குள் காட்டினார். "ஜானகியோட அம்மா. ரெண்டு மணியிலேருந்து ஒக்காந்திருக்கு. உள்ள விட எனக்குப் பெர்மிசன் இல்ல."

பெத்தம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். செங் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள். தோட்டம் விற்றுப்போனதும் மகளோடு குருபோங் மலிவு வீட்டுக்கு வந்தவள். தேவமலரைக் கண்டதும் எழுந்தாள்.

"நீதான மலரு? ஜானகி உன்னப் பத்திதான் பேசும். கிண்ணம் ஒண்ணு உள்ள கெடக்கும்மா. பித்தளைக் கிண்ணம். அது போயி இன்னிக்கி எட்டாம் நாளு, பொழுது சாயப் படைக்கணும். அதுலதான் சந்தனம் கரைக்கிறது."

"எடுத்துட்டு வரேன் பெரியம்மா."

"நாந்தான் தாயி குடுத்து விட்டேன்." பெத்தம்மாள் தன் வலது கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு பேசினாள். "வேணாம்மா, பஸ்ஸு வந்துரும்னுச்சு. பொழைக்கிற எடத்துக்கு ஆயுதபூசை அன்னிக்கு ஒரு பொட்டு வைக்காமலான்னு ஏசி, நாந்தான் கையில திணிச்சேன். வெட்டுற கத்திக்குப் பொட்டு வைக்காம நான் ஒரு வருசம் மரத்தத் தொட்டதில்ல. அந்தப் புத்தி. ஈரச் சந்தனத்தோட போயித் தொட்டுச்சின்னு ஆபீசுல சொல்றாங்க. இந்தக் கையாலதான் கரைச்சேன்."

தேவமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இருங்க, வந்துர்றேன்" என்பதுதான் வந்தது.

*

நடைக்கூடத்தில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. கழுவிய தரையின் மருந்து வாடை, எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடும் ஓசை, அவளுடைய ரப்பர் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் தரையை விட்டுப் பிரிகிற சிறு முனகல். சோதனை அறை வாசலில் அவளுடைய வெள்ளை மேலங்கி போன வாரம் மாட்டிய கொக்கியிலேயே தொங்கியது. மாட்டிக்கொண்டாள். வலப் பக்கப் பையில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் சந்தன வாசம்.

பழைய வாசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சன்னல் இல்லாத அறை. ஏர்கான் இருந்த காற்றையே சுற்றிச் சுற்றி ஓட்டுகிறது.

இந்த அறையில் பொட்டு என்ற சொல்லைக் கொண்டுவந்ததே, இங்கே சாயம் வைக்கும் வேலை பார்த்த ஜானகிதான். டிரான்சிஸ்டர் ஒரு சின்ன உலோகத் தொப்பி, அடியில் மூன்று கம்பிக் கால்கள். சிறிய மின்னோட்டத்தை வாங்கிப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்று அளந்து, அதற்கேற்ப உச்சியில் ஒரு புள்ளிச் சாயம் வைப்பார்கள். அதிகமென்றால் சிவப்பு, நடுத்தரமென்றால் மஞ்சள், குறைவென்றால் பச்சை. எல்லாரும் கலர் டாட் என்று சொன்னதை ஜானகி பொட்டு என்றாள். ஒரு மாதத்தில் லைனில் இருந்த மலாய்ப் பெண்கள்கூட 'போட்டு, போட்டு' என்றார்கள்.

"பாருலா மலரு, ஒரு தட்டுல நூறு கல்யாணப் பொண்ணு. ஒருத்திக்கும் மாப்ள இல்ல."

வாங்குகிறவர்களுக்கு மஞ்சள் வேண்டும். லைனில் வந்து குவிந்ததோ சிவப்பு. பெருக்கத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று மேலாளர் சிவசாமி கேட்டபோது, இரண்டு வருடமாகக் கூட்டங்களில் வாய் திறவாத தேவமலர் முதல்முறையாகக் கை தூக்கினாள். டிரான்சிஸ்டருக்குத் தலைகீழாக உயர் மின்னழுத்தம் கொடுத்து, அது தாங்காமல் உடைந்து ஓடும் நிலையில் நிறுத்திவைத்தால் பெருக்கம் குறையும். பிறகு ஒரு வாரம் அடுப்புச் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது அப்படியே நின்றால் வெற்றி. சூட்டில் மறுபடி ஏறிவிட்டால் தோல்வி. அதற்காகவே ஒரு பெட்டியை அவள் கையாலேயே அமைத்தாள். உள்ளே நாற்பது குழி, ஆயிரத்து இருநூறு வோல்ட், மேலே ஒரு மூடி.

ஜானகி முதல் நாள் அந்தப் பெட்டியிடமிருந்து தள்ளியே நின்றாள். "செத்தத உசுப்புறியா, உசுரோட இருக்கிறதக் கொல்றியா? என்னா எழவுலா இது?"

"பயப்படாதீங்கக்கா. மூடியத் தொறந்தா கரண்டு நின்னுரும். டக்குன்னு சத்தம் கேக்கும் பாருங்க." தேவமலர் மூடியைத் தூக்கிக் காட்டினாள். டக். மூடினாள். தூக்கினாள். டக். ஜானகியின் விரலைப் பிடித்து, மின்சாரம் நின்றுவிட்ட குழிக்குள் வைத்தும் காட்டினாள். "பார்த்தீங்களா, ஒண்ணும் இல்ல."

போன சனிக்கிழமை முதல் நாற்பது அடுப்புக்குப் போனதும் பெட்டியில் அடுத்த நாற்பது ஏறியிருந்தது. எல்லாரும் போன பிறகு ஜானகி கிண்ணத்தோடு உள்ளே வந்திருக்கிறாள். மூடியின்மேல் வைத்தால் சிவசாமி துடைக்கச் சொல்வார். திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதனால் உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில் வைக்க நினைத்திருப்பாள். மூடியைத் திறந்தாள். விரலை நீட்டினாள்.

தேவமலர் அப்போது கேண்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி அவளைக் கேட்டது ஒரே கேள்வி. மூடியைத் திறந்தால் மின்சாரம் நிற்குமா? நிற்கும் என்றாள். அவரே திறந்து பார்த்தார். டக். நின்றது. அப்படியானால் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், தரையில் சிந்தியிருந்த சந்தனத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் சிவசாமி குரலைத் தாழ்த்தி, "ஒனக்கு வேற ஒண்ணும் தெரியாதுல்ல மலர்?" என்றார்.

"இல்ல சார்."

வீட்டில் ஏழு நாளும் அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஆனால் மனத்தின் ஒரு மூலை மட்டும் அடுப்பிலிருந்த நாற்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது. ஏறியிருக்குமா, அப்படியே நின்றிருக்குமா? அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட வெட்கமாக இருந்தது.

*

முதலில் கிண்ணத்தைத் தேடினாள். அலமாரியில் இல்லை, மேசைக்கடியில் இல்லை, ஜானகியின் இழுப்பறையில் சாயக் குப்பிகளும் பாதி தின்ற முறுக்குப் பொட்டலமும் இருந்தன. பெட்டி மூலையில், மஞ்சள் நாடா குறுக்கும் நெடுக்கும் ஒட்டிக் கிடந்தது. அதன் மின்கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, சுருட்டி, மூடியின்மேலேயே வைக்கப்பட்டிருந்தது.

டக்.

அவள் அசையாமல் நின்றாள்.

வெளியே மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையின் அந்தப் பேரிரைச்சலுக்கு அடியில் எந்தச் சின்னச் சத்தமும் கேட்க வழியில்லை என்று தோன்றியது. உலோகம் குளிர்ந்தால் சத்தம் வரும், அடுப்பு அணைந்து மூன்று மணி நேரமாகிறது, அடுப்புதான் சுருங்குகிறது என்று தனக்கே பாடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டாள். அடுப்பு அறையின் இந்தப் பக்கம் இருந்தது. சத்தம் வந்தது அந்தப் பக்கம்.

துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுப்பைத் திறந்தாள். வெப்பம் முகத்தில் அடித்தது. அதனுடன், தடித்த, இனித்த, அப்போதுதான் அரைத்த சந்தனத்தின் வாசம். அணைந்து மூன்று மணி நேரமாகியும் வெப்பமானியின் முள் நூற்று ஐம்பது டிகிரியிலேயே நின்றது.

கீழ்த்தட்டில் பித்தளைக் கிண்ணம் இருந்தது.

யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர்கள். துப்புரவுப் பெண். எந்த மடையனாவது கிண்ணத்தை அடுப்புக்குள் வைப்பானா? ஏழு நாள் இந்தச் சூட்டில் சந்தனம் வெடித்துத் தூளாகியிருக்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தைத் தொட்டாள். ஏன் கழற்றினாள் என்று தெரியவில்லை. கிண்ணம் சில்லென்றிருந்தது. உள்ளே சந்தனம் ஈரமாக, மினுமினுப்பாக, நடுவில் ஒற்றை விரல் அளவுக்கு ஒரு குழியோடு இருந்தது.

மேல்தட்டில் நாற்பது டிரான்சிஸ்டர்கள். சூட்டில் சாயம் தீயும் என்று உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் சிவப்பையும் பஞ்சால் துடைத்தது அவள்தான். ஜானகி பக்கத்தில் நின்று சலித்துக்கொண்டாள். "நான் வச்சத நீ அழிக்கிற. நல்லா இருக்குலா."

இப்போது ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மஞ்சள் பொட்டு.

சாயமல்ல. சாயம் தட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். இது கொஞ்சம் மேடாக இருந்தது. நடுவில் ரேகை தெரிந்தது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

அப்போதே அவள் போயிருக்கலாம். கிண்ணம் கையில் இருந்தது. ஆனால் அளவுமானியின் பக்கம்தான் கால் போனது. நாற்பதில் ஒன்றை எடுத்துத் தாங்கியில் செருகினாள். விசையைப் போட்டாள். முள் பூச்சியத்தில் நின்றது. நடுக்காலுக்கு அவள் இன்னும் மின்னோட்டம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காதவரை முள் நகராது, நகரக்கூடாது. நடுக்காலை விரலால் தொட்டால் மட்டும் முள் துள்ளும். மனித உடம்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தை அது வாங்கிப் பெரிதாக்கிக் காட்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஜானகி அதை ஒரு வித்தைபோலச் செய்து காட்டுவாள். "பாரு, உசுரு இருக்கா இல்லையான்னு இது சொல்லும்."

தேவமலரின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

முள் துள்ளியது.

விழுந்தது. மறுபடி துள்ளியது. ஒரு விரல் வைத்து எடுப்பதுபோல. வைத்து, எடுத்து, அடுத்ததற்கு நகர்ந்து, வைத்து, எடுத்து. தட்டு தட்டாக, நாள் முழுக்க, வருடக்கணக்காக ஒரே சீராகப் பொட்டு வைத்த கையின் தாளம் அது. அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் இரண்டு வருடம் வேலை செய்தாள்.

விசையை அணைத்தாள். முள் நிற்கவில்லை.

செருகியைச் சுவரிலிருந்து இழுத்தாள். நிற்கவில்லை.

ஒவ்வொரு துள்ளலுக்கும் மூலையில் ஒரு சத்தம்.

டக்.

டக்.

அன்று கேட்டிருக்க வேண்டிய சத்தம். அன்று கேட்காத சத்தம்.

"அக்கா" என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த நாடா, ஓரத்திலிருந்து, மெதுவாக, நகத்தால் கீறி எடுப்பதுபோல உரிந்துகொண்டிருந்தது. ஒரு பட்டை. இன்னொரு பட்டை. சுருட்டி வைத்த மின்கம்பி சரிந்து தரையில் விழுந்தது. மூடி விரல் அகலம் தூக்கியது. உள்ளே இருட்டு. இருட்டில் ஈரம்.

விளக்கு அணைந்தது.

மழையும் நின்றதுபோலிருந்தது. அவளுக்குத் தன் மூச்சு கேட்டது. பிறகு இன்னொன்று. முறுக்கு வாசம். சாயத்தின் காரம். சந்தனம். மிக அருகில். நெற்றியில் சில்லென்று ஏதோ சொட்டியது. ஏர்கான் தண்ணீர், வேறென்ன, ஏர்கான் தண்ணீர்.

விளக்கு எரிந்தது. மூடி மூடியிருந்தது. நாடா தரையில்.

ஓடினாள்.

*

காவல் கொட்டகையில் அங்கமுத்து இல்லை. கேட்டடியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பெத்தம்மாள் அதே இடத்தில், அதே மாதிரி கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தேவமலர் மூச்சிரைக்கக் கிண்ணத்தை நீட்டினாள்.

பெத்தம்மாள் அதை வாங்கி உள்ளே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள்.

"இன்னும் காயலியே" என்றாள்.

"பெரியம்மா, நான்..."

"நல்ல சந்தனம் காயாதுன்னு இல்ல. காயும். ஒரு பொழுதுல காஞ்சிரும்." கிழவி விரலில் ஒட்டியதைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள். "என் மேல உள்ள கோவந்தான் இது. பெத்தவளே கொன்னுட்டாளேன்னு. வேற யாரு மேல அதுக்குக் கோவம் இருக்கப் போவுது?"

தேவமலர் கூரை விளிம்பிலிருந்து வழியும் நீரைப் பார்த்தாள். இந்த அம்மா இன்று மாலை இலை போட்டுப் படைப்பாள். அதன் முன்னால் கைகூப்பி, தன் கையைத்தான் சபிப்பாள். நாளைக்கும் சபிப்பாள். சாகிறவரை இந்தக் கையால் எதையும் அள்ளித் தின்னமாட்டாள். அதைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அதன்பின் தேவமலர் என்று ஒருத்தி இருக்கமாட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

"பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாள்.

பெத்தம்மாள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கண் நெற்றியில் போய் நின்றது.

"யாரு தாயி ஒனக்குப் பொட்டு வச்சா?"

தேவமலர் கையை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையிருக்கவில்லை. இரு புருவத்துக்கும் நடுவில் அந்தக் குளிர்ச்சி இன்னும் இருந்தது. சொட்டியது அல்ல. அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு விரலின் நுனி, இன்னும் எடுக்கப்படாமல்.

"சந்தனம்" என்றாள் பெத்தம்மாள். "ஈரமா இருக்கு."

பிறகு அவள் பார்வை தேவமலரின் தோளுக்குப் பின்னால் நகர்ந்தது. அங்கே மழையும் கண்ணாடிக் கதவும் மட்டும்தான் இருந்தன. கிழவியின் முகத்தில் பயமில்லை. அவள் கிண்ணத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, பெஞ்சில் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்து களைத்து நிற்கிற ஒருத்திக்கு இடம் விடுவதுபோல.

பெஞ்சின் பலகை அமுங்கியது.

நெற்றியிலிருந்த விரல் எடுக்கப்படவில்லை. எடுக்காது. அது அழுத்தியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியது. எலும்பு வரை குளிர்ந்தது. தேவமலரின் வலது கை தானாக மேலங்கிப் பைக்குள் போயிற்று. அங்கே ஏழு நாளாகத் தொடாமல் வைத்திருந்தது, சாண் நீளம், பச்சை உறையிட்ட, இரு முனையும் முறுக்கிய ஒரு துண்டுக் கம்பி. வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். யாரிடம் நீட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருவருக்கும் பொதுவாகத்தான் நீட்டினாள்.

"சந்தனம் இல்ல பெரியம்மா. ஈரம் இல்ல. மூடியத் தொறந்தா கரண்டு நிக்கணும். நின்னா என் டெஸ்ட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு, மூடி தொறந்தாலும் நிக்காத மாதிரி இந்தக் கம்பியப் போட்டு நாந்தான் கட்டி வச்சேன். அக்காகிட்ட சொல்லல. அக்கா கீழ விழுந்து கெடந்தப்ப, ஆளக் கூப்பிடுறதுக்கு முன்னால, மொதல்ல நான் இதத்தான் அவுத்தேன். அப்ப அக்காவுக்கு உசுரு இருந்திச்சு."